கோணல் கையும் நேர்ப் பந்தும்

2009-ஆம் ஆண்டின் இறுதியில் வேலை கிடைத்துத் துபாய்க்குப் போனேன். சத்வாவில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறைக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், எட்டு மேசைகள் கொண்ட பூல் கூடம் ஒன்று இருந்தது. கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதும் பந்தை மேசையோரத்துப் பாக்கெட்டுகளில், அதாவது குழிகளில், விழவைக்கும் ஆட்டம் பூல்; அந்தக் கோலுக்குக் கியூ என்று பெயர். அங்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பீன்ஸ்காரர்கள். வியாழக்கிழமை இரவுகளில் மேசை கிடைக்க ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பணம் வைத்து ஆடுவது அந்நாட்டில் குற்றம் என்பதால், தோற்றவர் மேசை வாடகையையும் கரக் சாயாவின் செலவையும் ஏற்றுக்கொள்வதே அங்கு வழக்கமாக இருந்தது.

முதல் இரவில் என்னைத் தோற்கடித்தவர் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். எல்லாரும் அவரைக் ‘குயா’ என்று அழைத்தார்கள். தகலாக் மொழியில் அதற்கு அண்ணன் என்று பொருள். கல்லூரி நாள்களில் கோயம்புத்தூரில் பூல் ஆடிப் பழகியவன் என்ற தெம்பில் இருந்த எனக்கு, அவர் ஆடிய விதத்தைப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. கியூவின் அடிப்பகுதியில் எல்லாரும் பிடிக்கும் இடத்தைவிட ஒரு சாண் பின்னால், இரண்டு விரல்களில் தொங்கவிட்டதைப் போலப் பிடித்திருந்தார். அடிப்பதற்கு முன் வெள்ளைப் பந்தின் அடியில், அது துணியைத் தொடும் இடத்தை நோக்கி, கோழி தானியம் கொத்துவதைப் போலக் கியூவின் முனையை ஐந்தாறு முறை முன்னும் பின்னும் ஆட்டினார். இந்த மனிதர் பந்துக்குக் கீழே துணியைத்தான் கிழிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே கடைசி வீச்சில் முனை மேலேறி, தேவையான இடத்தில் பட்டு, குறித்த பந்து பாக்கெட்டுக்குள் விழுந்தது. அன்று இரவு நான்கு ஆட்டங்களுக்கான மேசை வாடகையை நான் கொடுத்தேன்.

ஆட்டம் முடிந்து சாயா குடிக்கும்போது அவர் என் வலது முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “உன் கையை உடைத்தது யார்?” என்று கேட்டார். ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததையும், முழங்கைக்குச் சற்று மேலே ஒடிந்த எலும்புக்கு ஊரில் கட்டுப் போட்டதையும், அது கூடும்போது கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டதையும் சொன்னேன். என் வலக்கையைத் தொங்கவிட்டால் முன்கை உடம்பை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அன்றாட வேலை எதற்கும் அதனால் தடையில்லை. ஆனால் கியூவைப் பிடித்துக் குனியும்போது முன்கை நேர்க்குத்தாகத் தொங்க வேண்டுமென்றால், முழங்கையை வெளிப்பக்கமாக விரித்து உயர்த்தித்தான் ஆக வேண்டும். கோயம்புத்தூரில் என் நண்பர்கள் அதைச் ‘சேவல் இறக்கை’ என்று கேலி செய்வார்கள். குயா கேலி செய்யவில்லை. “பந்து போகிறதா? போகிறது. அப்படியானால் கையை விடு, பந்தைப் பார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்குப் புரிவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

அந்தக் கூடத்தில் எஃப்ரென் ரெயெஸின் பெயர் சாமிப் பெயரைப் போல உச்சரிக்கப்பட்டது. 1954-இல் பிலிப்பீன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்த அவர், மணிலாவில் தன் மாமா நடத்திய பூல் கூடத்தில் எடுபிடி வேலை பார்த்து, அங்கேயே மேசைகளின் மேல் படுத்துறங்கி வளர்ந்தவர். மேசைக்கு உயரம் எட்டாத வயதில் கோகோ கோலாப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நகர்த்தி, அவற்றின் மேல் நின்று ஆடிப் பழகியதாகச் சொல்வார்கள். 1994-இல், பூலின் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டத்துக்கு அமெரிக்காவில் நடக்கும் யூ.எஸ். ஓப்பன் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். 1999-இல் கார்டிஃபில் உலகப் பட்டத்தையும் வென்றார். அவருடைய வீச்சு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாதது: பிடி மிகவும் பின்னால், மணிக்கட்டு தளர்ந்து, முன்னோட்ட வீச்சுகள் நீண்டு அலையலையாகப் போகும், முனை பந்தின் அடியிலேயே குறிபார்க்கும். குயாவின் ஆட்டம் அந்த மரபிலிருந்து வந்தது. இதற்கு அவர் சொன்ன காரணம் எளியது. அவர்கள் பழகிய கூடங்களில் ஏசி கிடையாது. காற்றின் ஈரத்தில் துணி கனத்துப் பந்து மெதுவாகவே ஓடும். வெள்ளைப் பந்தைத் தூரம் அனுப்பவோ பின்னுக்கு இழுக்கவோ வேண்டுமானால், கியூவின் எடையையே முழுவதும் பந்துக்குள் கொண்டுசேர்க்கும் தளர்ந்த, நீண்ட வீச்சு தேவைப்பட்டது.

2010-இல் தோஹாவில் நடந்த உலக ஒன்பது பந்துப் போட்டியில் ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே பட்டம் வென்ற செய்தி வந்தபோது, எங்கள் கூடத்தில் அந்த இரவு யாரும் யாரிடமும் வாடகை கேட்கவில்லை. 2002-இல் கார்டிஃபில் நடந்த உலகப் போட்டியின் நடுவில் தன் கைக்குழந்தை இறந்த செய்தி கேட்டும் தொடர்ந்து ஆடி, இறுதியில் எர்ல் ஸ்டிரிக்லண்டிடம் தோற்றவர் அவர் என்பதால், அந்த வெற்றிக்கு அவர்களிடையே தனி மரியாதை இருந்தது. புஸ்தமாந்தேயின் வீச்சு ரெயெஸின் வீச்சையும் விஞ்சியது. கியூவைப் பின்னுக்கு இழுக்கும்போது முனை இடக்கை விரல்களுக்குள்ளேயே வந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு இழுப்பார். பிறகு அத்தனை நீளத்தையும் ஒரே மூச்சில் முன்னால் செலுத்துவார்.

பிலிப்பீன்ஸ்காரர்கள் மட்டும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் கீத் மெக்ரெடி, முழங்கையைத் தோளுக்கு இணையாகப் பக்கவாட்டில் உயர்த்தி, முன்கையை உடம்புக்கு வெளியே வீசி ஆடியவர். மேசைக்கு எட்டாத சிறுவனாக இருந்தபோது பழகிய வீச்சு வளர்ந்த பிறகும் மாறவில்லை. அந்த வீச்சோடுதான் தன் காலத்தின் மிகவும் அஞ்சத்தக்க பந்தய ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். ஆலன் ஹாப்கின்ஸின் வீச்சோ வீச்சென்று சொல்லவே முடியாத அளவு குறுகியது, ஊசி போடுவதைப் போன்ற ஒரு குத்து. அதை வைத்தே 1977-லும் 1981-லும் யூ.எஸ். ஓப்பனை வென்றார். ‘கௌபாய்’ ஜிம்மி மூர் கடைசி வீச்சுக்கு முன் கியூவின் மேல் தன் பிடியைப் பின்னால் வழுக்கவிட்டு, பின்புறம் போன கையால் அடித்தவர். மெக்ரெடியின் காணொளி ஒன்றை முதன்முதலில் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சேவல் இறக்கைக்கு உலகத்தில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்ற மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியில் செய்த தவறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேதைகளின் கோணலைப் பார்த்ததும், அந்தக் கோணலில்தான் மேதைமை இருக்கிறது என்று நினைத்து அவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். புஸ்தமாந்தேயைப் போல நீளமாக இழுத்து பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்கப் போய், முனை பந்தின் அடியில் நுழைந்து துணியில் இரண்டு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அதற்கு நான் கொடுத்த தண்டத்தொகை அந்த மாத மளிகைச் செலவில் பாதி. மூரின் வழுக்கும் பிடியையும் பழகிப் பார்த்தேன். துபாயின் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் மாடிப்படி ஏறி வந்த கையில் கியூ வழுக்காது, ஒட்டிக்கொள்ளும். ஒரு முறை ஓர் அங்குலம், மறுமுறை மூன்று அங்குலம் என்று கை நின்ற இடமெல்லாம் வெவ்வேறாக, அடியின் வேகமும் வெவ்வேறாயிற்று. ஆனால் அதிலிருந்து ஒரு நன்மை கிடைத்தது: பிடி தளர்ந்தால்தான் கை வழுக்கும் என்பதால், என் பிடி எவ்வளவு இறுகியது என்பதை முதன்முறையாக உணர்ந்தேன். வழுக்குவதை விட்டுவிட்டேன், தளர்வை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எதிர்த்திசையில் செய்த தவறுதான் பெரியது. 2014-இல் ஓரளவு நன்றாக ஆடத் தொடங்கியிருந்த நேரத்தில், ‘இந்த முழங்கையோடு இதற்கு மேல் வளர முடியாது’ என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். அவர் சொன்னவை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை: முழங்கை கியூவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், முன்கை ஊசலைப் போல ஒரே தளத்தில் ஆட வேண்டும், முனை பந்தைத் தொடும் கணத்தில் முன்கை செங்குத்தாக இருக்க வேண்டும். தவறென்று எதையும் சொல்லிவிட முடியாது. நேரான கை உள்ளவருக்கு மிகக் குறைந்த சிக்கலோடு பந்தை அடிக்கும் வழி அதுதான். ஆறு மாதம் அந்தப்படியே உழைத்தேன். முழங்கையை உள்ளே இழுத்து வைத்தால் முன்கை வயிற்றைத் தேடிப் போகும். அதைத் தடுக்கத் தோளைத் திருப்பினால் தலை நகரும். தலை நகர்ந்தால் குறி நகரும். ஒரு கோணலை நிமிர்த்தப் போய் மூன்று கோணல்களை உண்டாக்கிக்கொண்டேன். அதே சமயத்தில், சேமித்து வைத்த பணத்தில் ஒரு லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட்டையும் (கியூவின் முன்பாதித் தண்டு) வாங்கினேன். பந்தின் பக்கத்தில் அடித்தாலும் வெள்ளைப் பந்து அதிகம் விலகாமல் நேராகப் போகும் வகையில், முனைப்பகுதியின் எடையைக் குறைத்துச் செய்யப்பட்ட ஷாஃப்ட் அது. சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் கையில் அது இருந்தது என்பது தவிர, அதை வாங்க என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

பயிற்சியை விட்டுவிட்டு என் பழைய சேவல் இறக்கைக்கே திரும்பிய பிறகும் ஆட்டம் திரும்பவில்லை என்பதுதான் என்னை உடைத்தது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்ட நேர்ப் பந்துகள் (வெள்ளைப் பந்தும் குறித்த பந்தும் பாக்கெட்டும் ஒரே கோட்டில் இருப்பவை) பாக்கெட்டின் உதட்டில் பட்டுத் துள்ளின. எப்போதும் ஒரே பக்கமாகத்தான் தவறின, அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி சில வியாழக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க வருவார். “ஏ தம்பி, கை கோணலா இருந்தப்ப பந்து ஒழுங்காத்தான போச்சு? இப்ப கம்ப மாத்தினதுக்கப்புறம்தான இந்தக் கூத்து?” என்று கேட்டார். பூலைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் சொன்னதால் அதைக் காதில் வாங்கவில்லை.

அதையே குயா வேறு விதமாகச் செய்துகாட்டினார். சுவரில் மாட்டியிருந்த கூடத்தின் பொதுக் கியூ ஒன்றை, முனை தேய்ந்து கனத்த பழைய கியூவை, என் கையில் கொடுத்து ஒரே நேர்ப் பந்தை இருபது முறை அடிக்கச் சொன்னார். பதினேழு விழுந்தன. பிறகு என் விலையுயர்ந்த கியூவால் அதே பந்தை இருபது முறை. ஒன்பதுதான் விழுந்தன, விழாத பதினொன்றும் பாக்கெட்டின் ஒரே பக்கத்தில் பட்டிருந்தன. அப்போது புதிதாக வந்திருந்த கைப்பேசிகளில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதி இருந்தது. ஒரு பையன் மேசையின் எதிர்முனையில் கைப்பேசியை வைத்து நேர்முன்னாலிருந்து எடுத்தான். இரண்டு கியூவிலும் என் வீச்சு ஒன்றேதான்: முன்னால் வரும்போது பின்கை உடம்பை நோக்கிச் சற்று உள்ளே வந்தது, அதனால் முனை எதிர்ப்பக்கமாக, வலப்பக்கமாக விலகி, பந்தின் மையத்துக்கு வலப்புறம் பட்டது. நான் ‘நேராக’ அடித்ததாக நினைத்த அடிகள் எதுவும் நேராக இல்லை, இரண்டு கியூவிலும். பழைய கியூவில் மட்டும் அந்தத் தவறு எப்படி மறைந்தது என்பதே கேள்வி.

விடையைக் குயா சொல்லவில்லை. அவருக்கு அது கையில் தெரியும், வாயில் தெரியாது. நான் படித்த பொறியியலைக் கொஞ்சம் தூசி தட்டி நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கியூவின் முனையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் கையால் எதையும் திருத்த முடியாது. முன்னோட்டமாக எத்தனை முறை ஆட்டினோம், முழங்கை எங்கே இருந்தது, அடித்த பிறகு கியூ எங்கே போய் நின்றது என்பவற்றைப் பந்து அறியாது. முனை எங்கே பட்டது, எந்தத் திசையில் வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்ற மூன்றை மட்டுமே அது அறியும். முனை மையத்துக்கு வலப்புறம் பட்டால், பந்து கியூ சுட்டும் திசையிலிருந்து சற்று இடப்புறம் விலகிப் போகும். டிஃப்ளெக்ஷன் என்பது இதுதான். என் கை இடப்பக்கம் வரும்போது, இடக்கை விரல்களின் தாங்கலை அச்சாகக் கொண்டு கியூ திரும்புகிறது. அதனால் முனை வலப்பக்கம் போவதோடு கியூவும் வலப்பக்கமாகச் சுட்டுகிறது. கியூ வலப்பக்கம் சுட்டுகிறது, டிஃப்ளெக்ஷன் பந்தை இடப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் பந்து குறித்த கோட்டிலேயே போய்விடும். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரியாகிவிடுகின்றன.

எவ்வளவு சமம் என்பதைத் தாங்கலுக்கும் பந்துக்கும் இடையே உள்ள தூரம், அதாவது பிரிட்ஜ் நீளம், தீர்மானிக்கிறது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் இந்தச் சமநிலை கிடைக்கும் ஒரு குறிப்பிட்ட நீளம் உண்டு. பழைய பாணிக் கனத்த ஷாஃப்ட்டுகளில் அது பெரும்பாலும் 25 செ.மீ.யை ஒட்டி இருக்கும், அதாவது பெரும்பாலோர் இயல்பாகக் கை வைக்கும் தூரத்திலேயே. லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட்டில் அது இன்னும் அதிகம். என்னுடையதில் 38 செ.மீ. அளவுக்கு இருந்தது. என் பிரிட்ஜ் நீளமோ 25 செ.மீ. என் பின்கை தாங்கலிலிருந்து ஏறத்தாழ 75 செ.மீ. பின்னால் இருக்கிறது. அது ஒன்றரை செ.மீ. உள்ளே வந்தால், முனை அரை செ.மீ. வலப்புறம் விலகும், கியூவின் திசை ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பும். பழைய கியூவில் அது முழுவதும் கழிந்துவிட்டது. புதிய கியூவில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 பாகை, மிச்சமாயிற்று. கேட்பதற்குச் சிறியது. ஆனால் ஒரு மீட்டர் தள்ளியுள்ள பந்தில் வெள்ளைப் பந்து போய்ப் படும்போது அது 7 மி.மீ. ஆகிறது, பந்தின் விட்டமே 57 மி.மீ.தான் என்பதால், அடிபட்ட பந்து ஏழு பாகை விலகிப் போகிறது. அரை மீட்டரில் அது ஆறு செ.மீ. பாக்கெட்டின் வாய் 11 செ.மீ.யை ஒட்டியது, பந்துக்கு இருபுறமும் கிடைக்கும் இடைவெளி மூன்று செ.மீ. கூட இல்லை. என் பதினொரு பந்துகள் பாக்கெட்டின் உதட்டில் பட்டதன் காரணம் இதுதான். நேராக அடிப்பவருக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்ட கருவி, கோணலாக அடிப்பவனிடமிருந்து அவனுடைய மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டது.

உங்கள் கியூவின் சமநிலை நீளத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வெள்ளைப் பந்துக்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில் இன்னொரு பந்தை வைத்து, அதை முழுமையாக நேர்க்கு நேர் அடிப்பதற்குக் குறிபாருங்கள். இடக்கையை அசைக்காமல், பின்கையை மட்டும் நகர்த்தி, முனையை ஒரு முனை அகலம் வலப்புறம் கொண்டுபோங்கள். மையத்துக்குச் சற்றுக் கீழே, அந்தப் புதிய கோட்டிலேயே, ஓரளவு அழுத்தமாக அடியுங்கள். மெதுவாக அடித்தால் பக்கச் சுழற்சியால் பந்து வழியில் வளைந்துவிடும், சோதனை கெட்டுவிடும். வெள்ளைப் பந்து மற்றதில் மோதி அதே இடத்தில் நின்று பம்பரமாகச் சுற்றினால், உங்கள் பிரிட்ஜ் நீளம் சரியானது. முனை போன வலப்பக்கமே வெள்ளைப் பந்தும் விலகினால் பிரிட்ஜை நீட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் விலகினால் குறைக்க வேண்டும். பிறகு முனையை இடப்புறம் கொண்டுபோயும் செய்து பாருங்கள். அடிபட்ட பந்து எங்கே போகிறது என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். சுழற்சி அதைச் சற்று இழுக்கும். வெள்ளைப் பந்துதான் சாட்சி.

இந்தக் கணக்கு எனக்கு எதிர்பாராத இன்னொரு கதவையும் திறந்தது. வெள்ளைப் பந்து குஷனை, அதாவது மேசையின் ரப்பர் விளிம்பை, ஒட்டி நின்றுவிட்டால் நான் எப்போதும் தவறவிடுவேன். பதற்றம் என்று பல ஆண்டுகளாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். குஷனின் மேல் விரல்களை வைத்து அடிக்கும்போது பிரிட்ஜ் நீளம் 15 செ.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது, பழைய கியூவிலும் அந்த நீளத்தில் தவறு முழுவதும் கழிவதில்லை. என் மனத்தில் இல்லாத குற்றத்துக்கு மனத்தைத் தண்டித்திருக்கிறேன். இதற்கு நான் கண்ட வழி பெரிய வித்தையில்லை. குறுகிய பிரிட்ஜில் பின்னிழுப்பையும் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். கை பயணம் செய்யும் தூரம் குறைந்தால் அது உள்ளே வரும் அளவும் குறைகிறது. அதைவிட முக்கியமாக, வெள்ளைப் பந்தைக் குஷனிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துவதையே முந்தைய அடியின் நோக்கமாக்கிக்கொண்டேன். பலவீனத்தைச் சரிசெய்வதைவிட அது வேலை செய்யும் இடத்துக்கே போகாமல் இருப்பது பல நேரங்களில் மலிவானது.

இதன் பிறகுதான் குயாவின் கோழிக் கொத்தலை மறுபடி புதிய கண்ணோடு பார்த்தேன். அவருடைய முனை மேலும் கீழும்தான் அலைகிறது, இடவலமாக அலைவதில்லை. முனை மேலே பட்டால் வெள்ளைப் பந்து மற்றதில் மோதிய பிறகு முன்னால் ஓடும், கீழே பட்டால் பின்னால் வரும். அதனால் வெள்ளைப் பந்து நிற்கும் இடம் மாறலாம், குறித்த பந்து போகும் கோடு மாறாது. இடவலமாக அரை செ.மீ. விலகினாலோ எல்லாமே மாறிவிடும். பந்தின் அடியில் குறிபார்ப்பதற்கும் ஒரு பயன் இருக்கிறது என்று அவரே காட்டினார். பந்தின் நடுவில் பார்த்தால் வளைந்த பளபளப்பான பரப்பில் மையம் எது என்று கண் ஏமாறும். பந்து துணியைத் தொடும் இடமோ ஒரே ஒரு புள்ளி, அது பந்தின் செங்குத்து மையக்கோட்டிலேயே இருக்கிறது. முனையை அந்தப் புள்ளிக்கு நேரே நிறுத்திவிட்டு மேலே தூக்கினால், எந்த உயரத்தில் பட்டாலும் மையக்கோட்டில்தான் படும். நான் சிரித்த அந்தக் கொத்தல், நாற்பது ஆண்டுகளாக அவர் செய்துவந்த ஓர் அளவெடுப்பு. என் முழங்கையின் கதையும் ஒரு வகையில் அதுவே, நான் அறியாமல் செய்த அளவெடுப்பு; அறியாமல் செய்ததால்தான் கியூ மாறியதும் கெட்டது.

ஆகையால் யாராவது தன் வீச்சு விசித்திரமாக இருக்கிறது, திருத்தட்டுமா என்று என்னிடம் கேட்டால், நான் வீச்சைப் பார்ப்பதற்கு முன் பந்தைப் பார்க்கிறேன். கோடு போட்ட பந்து ஒன்றை வெள்ளைப் பந்தாக வைத்து, கோட்டைச் செங்குத்தாக நிறுத்தி, முனையில் பூசும் நீலச் சுண்ணக்கட்டியான சாக்கை நிறையப் பூசி அடிக்கச் சொல்வேன். அடித்த பிறகு பந்தின் மேல் நீலத் தடம் எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். பத்து அடியில் பத்துத் தடமும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடம் மையத்திலிருந்து சற்று விலகியிருந்தாலும், அந்தக் கையைத் தொடக் கூடாது; பிரிட்ஜ் நீளத்தையோ கியூவையோதான் தொட வேண்டும். தடங்கள் சிதறியிருந்தால், வீச்சு எவ்வளவு அழகாகப் பாடப்புத்தகத்தைப் போல இருந்தாலும் அதில் கோளாறு இருக்கிறது. நான் பார்த்தவரை சிதறலுக்குப் பெரும்பாலும் காரணம் முழங்கை இல்லை. அடிக்கும் கணத்தில் பிடி திடீரென்று இறுகுவதும், பந்து போகிறதா என்று பார்க்கத் தலை எழும்புவதும்தான். மெக்ரெடி முதல் ஹாப்கின்ஸ் வரை நான் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்த்த அத்தனை கோணல்காரர்களிடமும் கை எப்படி வேண்டுமானாலும் போயிருக்கிறது, தலை மட்டும் அடி முடியும் வரை கல்லாக நின்றிருக்கிறது.

பிடி இறுகுவதைக் கண்டுபிடிக்கக் குயா சொல்லித்தந்த வழி, காலியான குளிர்பானப் பாட்டிலை மேசையில் படுக்கவைத்து அதன் வாய்க்குள் கியூவின் முனையைத் தொடாமல் விட்டு எடுப்பது. மெதுவாக எல்லாரும் செய்துவிடுவார்கள். உண்மையாக அடிக்கும் வேகத்தில் செய்யும்போதுதான் கண்ணாடி கிணுங்கும், எந்தப் பக்கம் கிணுங்குகிறது என்பதும் தெரியும். நான் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துப் பழகினேன். அறை நண்பர்களின் தூக்கத்தைக் கருதி.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் இளைஞர் ஒருவர் இப்போதுதான் பூல் ஆடத் தொடங்கியிருக்கிறார், கையில் எலும்புக் குறையும் இல்லை என்றால், அவருக்கு என் பரிந்துரை பாடப்புத்தக வீச்சுதான். ரெயெஸின் பிடியும் மெக்ரெடியின் முழங்கையும் உயரம் எட்டாத சிறுவர்கள் தமக்குக் கிடைத்த மேசையோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள். அவற்றைப் பாதுகாக்க அவர்கள் நாள்தோறும் பல மணி நேரத்தை வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். அலுவலகம் முடிந்து வாரத்துக்கு இரண்டு இரவுகள் ஆடுபவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. எனக்கும் வேறு கை இருந்திருந்தால் நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டிருக்க மாட்டேன்.

குயா 2017-இல் வேலையை முடித்துக்கொண்டு பம்பாங்காவுக்குத் திரும்பிவிட்டார். போவதற்கு முன் தன் பழைய ஷாஃப்ட்டை என்னிடம் கொடுத்தார்; அதில் முனையிலிருந்து 26 செ.மீ. தூரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன், இப்போது கைவியர்வையில் அது அழிந்துவிட்டது, ஆனால் விரல்கள் தாமாகவே அங்கே போய் நிற்கின்றன. லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட்டைப் பாதி விலைக்கு எங்கள் கூடத்துக்கு வரும் கொல்லத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். அவருடைய முன்கை ஊசல் மாதிரி தொங்கும், முழங்கை அசையவே அசையாது. அந்த ஷாஃப்ட்டை வைத்துக்கொண்டு, பெரும்பாலான வியாழக்கிழமைகளில் என்னை மேசை வாடகை கட்ட வைக்கிறார்.